ரூபனைக் கட்டிக்கொடுத்த ட்ராம்காரர்

ஒஸ்லோவில் தண்டவாளம் இல்லாத இடத்திலும் தண்டவாளத்தில் போகிற மனிதர் ஒருவர் உண்டென்றால் அவர் எங்கள் ட்ராம்காரர்தான். முப்பது வருசம் ட்ராம் ஓட்டியவர். ஓய்வு எடுத்த பிறகும் புருசெத் கடைத்தெருவில் அவர் ஒருவருக்காக விலகி நடந்ததை நான் கண்டதில்லை. எதிரே ஆள் வந்தால் நின்று தொண்டையைக் கனைப்பார். ஆள் விலகினால்தான் அடுத்த அடி. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும். எங்கள் மாடிவீட்டுப் புளொக்கில் அது ஒருவருக்கும் தெரியாது.

வேலையை விட்ட வருசம் தம்பி மகளின் கலியாணத்துக்குக் கனடா போனார். மண்டபத்துப் படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டு, தங்கச்சி வீட்டுச் சோபாவில் ஆறு கிழமை கிடந்தார். அங்கே தொலைக்காட்சியில் அவருக்கு அகப்பட்டது பேஸ்போல். எங்கள் ஆட்கள் கனடா போனால் சேலையோடு வருவார்கள். இவர் மூன்று தோல் கையுறையோடும் ஒரு மட்டையோடும் வந்து இறங்கினார்.

"அக்கா, கிறிக்கெற்றுக்கு நிலம் வேணும். இதுக்கு ஒரு மூலை காணும்," என்று என்னிடம் சொன்னார்.

அந்த மூலையில் ஓர் அணியையும் சேர்த்துவிட்டார். பஸ் ஓட்டுகிறவர், ஆஸ்பத்திரிச் சமையலறையில் நிற்கிறவர் என்று ஒன்பது பேர். பயிற்சி ஐந்து மணி மூன்று நிமிசத்துக்கு. ஐந்து நான்குக்கு ஒருவன் மூச்சு வாங்க ஓடி வந்தால், பந்துப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ட்ராம்காரர் எதிரே வருவார்.

"கதவு பூட்டியாச்சு தம்பி. அடுத்தது வியாழக்கிழமை."

பந்து முழுவதும் அவர் பையில்தான் இருந்தது. ஆகவே நேரத்துக்கு வந்த எட்டுப் பேரும் அவருக்குப் பின்னால் வீட்டுக்குப் போவார்கள்.

ஆட்டத்தில் ஓட்டங்களைக் குறித்தவள் நான். எழுத்து எனக்குத் தூரம். ஆனால் ஓட்டத்துக்கு ஒரு கோடு போட எந்தப் பள்ளிக்கூடமும் போகத் தேவையில்லை. தகராறு வந்தால் நோர்வேக்காரரும் என் கடுதாசியைப் பார்த்துத்தான் தீர்த்துக்கொண்டார்கள். அதில் எதிரணிக்குக் கோடுகள் வேலி மாதிரி நிற்கும். எங்களுக்கு ஒன்று, நல்ல நாளில் இரண்டு. ஒஸ்லோவில் இந்த ஆட்டம் ஆடுகிற அணிகள் ஒரு கைக்குள் அடங்கும். அத்தனை பேரிடமும் தோற்றோம்.

ஆனால் எங்களிடம் ரூபன் இருந்தான். மூன்றாம் மாடிப் பிள்ளை, இங்கேயே பிறந்த மின்வேலைக்காரன், ஆறடி உயரம், நெஞ்சுவரை தாடி. பேஸ்போலில் ஆட்டம் முடிகிற நேரம் மட்டும் வந்து பந்தெறிய ஒருவனை வைத்திருப்பார்கள். தன் அணி முன்னுக்கு நின்றால், கடைசிவரை அதை அப்படியே காப்பது அவன் வேலை. அதில் ரூபனுக்கு நிகர் இந்த நாட்டில் இல்லை. அவன் எறிந்த பந்தை யாரும் அடித்து நான் கண்டதில்லை. பந்தையே நான் கண்டதில்லை.

என்ன பிரயோசனம்? அவன் வரும்போது நாங்கள் பன்னிரண்டு ஓட்டம் பின்னுக்கு நிற்போம். மூன்று பேர் ஆட்டமிழந்தால் அடிக்கிற முறை முடியும்; அந்த மூன்று பேரையும் அவன் மூன்று நிமிசத்தில் அனுப்புவான். நாங்கள் பன்னிரண்டு ஓட்டத்தால் தோற்போம்.

இரண்டு கோடைக்கு முன்பு, நகரத்தின் மேற்குப் பக்கத்து அணியின் பயிற்சியாளர் லார்ஸ் வந்து கேட்டார். ரூபனைத் தங்களுக்குத் தந்தால், நன்றாக அடிக்கிற இரண்டு பேரைத் தருவதாகச் சொன்னார். அன்றோடு எங்கள் அணி இரண்டாகப் பிளந்தது.

மட்டைக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கிற குணம் குதித்தான். "இருக்கிற ஒரே கெட்டிக்காரனையும் குடுத்திட்டு நாங்கள் என்ன, புல்லுப் பிடுங்கிறதோ?"

"குணம், உள்ளுக்குச் சாமான் ஒண்டுமில்லாத வீட்டுக்கு ஆமைப்பூட்டு எதுக்கு? ரெண்டு அடிகாரர் வரட்டும். முதல் சாமான் சேரட்டும்," என்றேன் நான்.

"அன்ரி எந்தப் பக்கம்?"

"நான் கோடு போடுற பக்கம். ஒரே பக்கத்துக்குப் போட்டுப் போட்டுக் கை நோகுது."

ட்ராம்காரர் இரண்டு கிழமை யோசித்தார். பிறகு ஒரு நாள், பயிற்சிக்கு முன்பு ரூபனை நான் குந்தியிருக்கிற வாங்குக்குப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"உனக்குப் போக விருப்பமோ?"

ரூபன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். "எனக்கு முப்பத்துநாலு, மாமா. இந்தத் தோள் இன்னும் ரெண்டு வருசம் தாங்கும், அவ்வளவுதான். ஒருக்கால் எண்டாலும் வெல்லுற பக்கத்திலை நிண்டு பாக்கவேணும் போலை கிடக்கு. நீங்கள் வேண்டாமெண்டால் போகன்."

ட்ராம்காரர் மைதானத்தை ஒரு சுற்று நடந்து வந்தார். அன்றைக்குப் பயிற்சி ஐந்து ஒன்பதுக்குத் தொடங்கியது.

கொடுப்பதென்று முடிவெடுத்தார். எடுத்தவர், அதை முறையாகச் செய்ய வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து லார்ஸ் அவர் வீட்டுக்கு வந்தார், ஐந்து நிமிசத்தில் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு போகலாமென்று. மேசையில் பயித்தம் பணியாரம், ரோல்ஸ், ஒரு சீப்பு வாழைப்பழம். எல்லாம் என் கைவேலை, பழத்தைத் தவிர. ட்ராம்காரர் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக இருந்தார். ஒரு மணித்தியாலம் மழையைப் பற்றியே கதை போனது. பிறகு குசினிப் பக்கம் பார்த்துக் கனைத்தார். தேத்தண்ணித் தட்டத்தோடு, தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தான் ரூபன்.

"மாமா, இது ஓவர்," என்று தாடிக்குள்ளால் சொன்னான்.

"வாயை மூடிக்கொண்டு குடு."

லார்ஸ் மெல்லத் தன் இரண்டு அடிகாரரைப் பற்றிக் கதைத்தார். ட்ராம்காரர் நிமிர்ந்தார். எங்கள் பிள்ளையை வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கம் எங்களுக்கு இல்லை என்று நோர்வே மொழியில் சொல்லி, கனடா மட்டையை மேசையில் வைத்தார்.

லார்ஸ் பதறி, "நை, தாக்," என்றார். வேண்டாம், நன்றி என்பது அதன் பொருள்.

யாழ்ப்பாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றால், இது காணாது, இன்னும் வை என்று பொருள். ட்ராம்காரருக்கு முகம் கறுத்தது. ஒரு பெட்டி புதுப் பந்தை வைத்தார். நை, தாக். கையுறையை வைத்தார். நை, நை, தாக். கடைசியில் எழும்பி நின்று, ரோல்ஸ் கடித்துக்கொண்டிருந்த குணத்தைக் காட்டினார்.

"இவனும் வாறான். பெடியன் புது இடத்திலை பழகுமட்டும் துணைக்கு."

"என்னையோ? என்னை ஆர் கேட்டது?" குணத்துக்குப் புரைக்கேறிவிட்டது.

லார்ஸ் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். தான் இரண்டு பேரைக் கொடுத்து இரண்டு பேரையும் ஒரு கடையையும் கொண்டுபோவதாக அவருக்குப் பட்டிருக்க வேண்டும். இனி நான் சும்மா இருக்கலாமா?

"இஞ்சை பாரும், அந்த மனிசன் உண்மையாத்தான் வேண்டாமெண்டுறார். இஞ்சத்தை ஆக்கள் வேண்டாமெண்டால் வேண்டாம்தான்!"

குணம் தப்பினான். மட்டை தப்பவில்லை. வைத்ததைத் திருப்பி எடுக்கிறதும் வழக்கமில்லையாம்.

அந்த ஆவணி மாதமே, ரூபனோடு தன் முதல் ஆட்டத்துக்கு, லார்சின் அணி எங்கள் மைதானத்துக்கு வந்தது. புதிதாக வந்த இருவரும் இரவல் மட்டையால் அடித்த அடியில் என் பென்சில் தேய்ந்தது. கடைசி முறை அடிக்க நாங்கள் போனபோது ஒரே ஒரு ஓட்டம்தான் பின்னுக்கு. அப்படி ஒரு நாளை நாங்கள் கண்டதே இல்லை. வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் எழும்பி நின்றார்கள்.

எதிர்ப்பக்கத்தில் ரூபன் பந்தெறிய வந்தான்.

முதல் பந்து எங்கோ போனது. இரண்டாவதும் அப்படியே. காப்பதற்கென்று ஒரு முன்னணி அவன் கையில் இருந்தது வாழ்க்கையில் அன்றைக்குத்தான். தோள் காதுவரை ஏறி நின்றது. மட்டையோடு எதிரே நின்றவன் குணம். எங்களுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டதென்று நான் பென்சிலைக் கூராக்கினேன்.

பக்கத்தில் ட்ராம்காரர் துள்ளி எழும்பினார். "ரூபன்! தோளை விடு! மூச்சை விட்டிட்டு எறியடா!"

குணம் திரும்பிப் பார்த்தான். "மாமா! நான்தான் உங்கடை ஆள்! நானெல்லோ அடிக்க நிக்கிறன்!"

"நீ சும்மா நில்லடா! அவன்ரை தோளைப் பார்!"

ரூபன் தோளை இறக்கினான். மூச்சை விட்டான். அதற்குப் பிறகு ஒரு பந்தையும் நான் காணவில்லை. குணம் போனான், அடுத்தவன் போனான், மூன்றாமவனும் போனான். ஒரு ஓட்டத்தால் தோற்றோம். அங்கே லார்சின் ஆட்கள் ரூபனைத் தூக்கிக்கொண்டு கத்தினார்கள். அத்தனை தலைக்கு மேலிருந்தும் அவன் எங்கள் வாங்கைத்தான் தேடினான்.

ஆட்கள் கலைந்த பிறகும் எங்கள் அணி ட்ராம்காரரோடு கதைக்கவில்லை. குணம் மட்டும் வந்து முன்னால் நின்றான்.

"ஒரு ஓட்டம், மாமா. ஒரே ஒரு ஓட்டம்."

"ஓம்," என்றார் ட்ராம்காரர். பந்துப் பையைக் கட்டிக்கொண்டே, "பெடியன் வெண்டிட்டான், என்ன?" என்றார்.

என் பிளாஸ்கில் ஒரு கோப்பைத் தேத்தண்ணி மிஞ்சியிருந்தது. குணம் கையை நீட்டினான். முடிந்துவிட்டது என்று அவனிடம் சொல்லிவிட்டு, அதை ட்ராம்காரருக்கு ஊற்றிக் கொடுத்தேன்.