காற்று மெஷினுக்கு ஆயுத பூஜை

கையில் துணிப்பை, விரலில் இன்னும் போகாத குங்குமம். அடுத்த வேலை தேடி, ஓசூர் பக்கம் போகும் அத்திபெலே பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்துகொண்டிருந்தேன். வேலை போனால் திரும்பிப் பார்க்காமல் நடப்பது என் வழக்கம். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டதும் அப்படித்தான். திருப்பூர் சாயப்பட்டறை, ஓசூர் கல்குவாரி, ஒக்கலிபுரத்தில் மூட்டை தூக்கியது எல்லாம் அப்படியே முடிந்தவை. பூஜை செய்ததற்காக விரட்டப்பட்டது மட்டும் அதுதான் முதல் தடவை.

எங்கள் தெருப் பள்ளிக்கூடத்து மொட்டைமாடியில் இருந்த காற்று மெஷினுக்கு நான் காவல். (குரங்கு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் படிப்புத் தகுதி.) காற்றில் எவ்வளவு அழுக்கு என்று அது வாசல் பலகையில் நிறமாகக் காட்டும். பள்ளி விடும் நேரத்தில் லாரிகள் வரிசைகட்டினால் பச்சை சிவப்பாகிவிடும். அந்த நேரத்தில் லாரிகளை நிறுத்தச் சொல்லிப் பெற்றோர்கள் கேட்டிருந்தார்கள். அங்கே படித்த என் மகள் பவித்ராவுக்கு லாரிப் புகை பட்டாலே இழுப்பு வந்துவிடும். அதிகாரி பலகையை நேரில் பார்த்து முடிவு சொல்வதாக ஏற்பாடு.

தசரா சமயத்தில் பெங்களூரில் பொட்டு வைக்காத இயந்திரம் கிடையாது. ஆட்டோ, லிப்ட், ஜெராக்ஸ் மெஷின் எல்லாம் மாலையோடு நிற்கும். விடுமுறையில் பள்ளி பூட்டியிருந்ததால் என் மெஷின் மட்டும் வெறும் நெற்றியோடு இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. பள்ளி திறந்ததும், அதிகாரி வரும் நாளாகப் பார்த்து, சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை சகிதம் மாடி ஏறினேன். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்தான் அதற்கு மூக்கு என்று மெஷினைப் பொருத்திய ஸ்வேதா மேடம் சொல்லியிருந்தார். தூபத்தை வேறு எங்கே காட்டுவது? சாம்பிராணியை அள்ளிப் போட்டு மூக்குக்கே விசிறினேன்.

கீழே தெருவில் ஒரு லாரி இல்லை. பலகை பச்சையிலிருந்து மஞ்சளாகி, சிவப்பாகி, நான் பார்த்தேயிராத கத்திரிக்காய் நிறத்துக்குப் போனதாம்.

கீழே அதிகாரியோடு நின்ற லாரி சங்கத்து நாகப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஒரு லாரி இல்ல, இது கத்திரிக்கா கலர் காட்டுது. இந்த டுபாக்கூர் மெஷின நம்பியா சார் எங்க பொழப்புல மண்ணு போடப் பாக்குறீங்க?"

அதிகாரி மாடிக்கு ஏறிவந்தார். புகைக்கு நடுவே நான்.

"என்னப்பா பண்ற?"

"மூக்குக்குக் காட்டுறேன் சார்."

"பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பு."

பஸ் நிறுத்தம் கண்ணில் பட்டபோது பக்கத்தில் ஸ்கூட்டர் வந்து நின்றது. ஸ்வேதா மேடம்.

"அண்ணா, ஏறுங்க. சீக்கிரம்."

"என்னைத்தான் அனுப்பிட்டாங்களே மேடம்."

"மறுபடியும் தூபம் போடணும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பள்ளி மாடிக்குத் திரும்பிப் போட்டேன். எல்லோரும் பார்க்கப் பலகை சிவந்தது. மேடம் அணைக்கச் சொன்னார், அணைத்தேன். மெல்ல மெல்லப் பச்சை திரும்பியது.

"மெஷின் பொய் சொல்லல சார்," என்றார் மேடம். "எந்தப் புகை வருதோ அதைத்தான் சொல்லுது."

நாகப்பா விடவில்லை. தன் வண்டியிலிருந்து ஊதுபத்திப் புகைகூட வராது என்று சொல்லி, ஆயுத பூஜை மாலை காய்ந்தும் கழற்றாத லாரியை வாசலுக்கு வரவழைத்தார். வண்டி உறுமியது. பலகை சிவந்தது. அந்தக் காய்ந்த மாலைதான் காரணமோ என்பதுபோல அதையே பார்த்துக்கொண்டு நின்றார் நாகப்பா.

பள்ளி தொடங்கும்போதும் விடும்போதும் லாரி கூடாது, நாளைக்கே ஆரம்பித்துப் பார்க்கலாம் என்றார் அதிகாரி. பிறகு என்னைப் பார்த்தார். "உன்னை இனிமே மாடி ஏற விடமாட்டேன். கீழ நில்லு."

இன்றும் வீட்டில் யார் ஊதுபத்தி ஏற்றினாலும் பவித்ரா ஓடிவந்து, "அப்பா, மூக்குக்குக் காட்டாதீங்க," என்பாள். இழுப்பு இல்லாமல் சொல்கிறாள், எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லட்டும்.

அதிகாரி சொன்ன மறுநாள் காலை கையில் சிவப்புக் கொடியோடு தெருமுனையில் நின்றேன். முதலில் வந்தது நாகப்பாவின் லாரி. அவரே உள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன பூசாரி, இன்னிக்குத் தூபம் இல்லயா?"

"உங்க வண்டி போட்டது போதும்ணா. அந்தப் பக்கம் திருப்புங்க."