ரெட்டை ‘ம்’

அந்தத் திங்கட்கிழமையிலிருந்து என் வீட்டில் என் சொல்தான் செல்லும் என்று முடிவு கட்டினேன். எந்தச் சொல் என்பதையும் தேர்ந்தெடுத்துவிட்டேன். ‘முடியாது.’ சின்னச் சொல்தான். கல்யாணமான நாளிலிருந்து அதை நான் வீட்டுக்குள் உபயோகித்ததே இல்லை. புத்தம் புதுசாக அப்படியே இருந்தது.

காரணம் ஆண்டனி. என் மனைவி கித்தேரியம்மாளின் தம்பி. திண்டுக்கல்லில் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பெண்டாட்டி பிள்ளைகளோடு கொடைக்கானலுக்கு பஸ் ஏறிவிடுவான். மறுபடி பள்ளிக்கூடம் திறந்தால்தான் மலையை விட்டு இறங்குவான். எங்கள் வீட்டில் கீசர் வைத்த குளியலறையோடு இருப்பது ஒரே அறை. அது அவனுக்கு. சின்ன அறையில் கித்தேரியும் அவளுடைய கீபோர்டும். ஹாலில் ஃபிரிட்ஜும் நானும். போன சீசன் முழுக்க நான் பச்சைத் தண்ணீரில் குளித்தேன். எங்கள் ஊர்ப் பச்சைத் தண்ணீரில் குளிக்காதவர்கள் பாக்கியவான்கள். ஒரு நாள் ஃபிரிட்ஜுக்குள்ளாவது கொஞ்சம் கதகதப்பாக இருக்குமோ என்று திறந்துகூடப் பார்த்தேன்.

இத்தனைக்கும் நான் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனிஸ்ட். சீசனில் ஊருக்கே ‘ரூம் இல்லை’ என்று சொல்கிறவன். என் வீட்டில் எனக்கே ரூம் இல்லை.

தைரியமும் லாட்ஜிலிருந்துதான் வந்தது. எங்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க மதுரையிலிருந்து ஷர்மிளா மேடம் வந்திருந்தார். “வார்த்தையில ஒண்ணுமே இல்ல சார். எல்லாம் டோன்லதான் இருக்கு” என்றார். அடிவயிற்றிலிருந்து பேச வேண்டும். கனமாகப் பேச வேண்டும். முடிக்கும்போது குரலை இறக்க வேண்டும். ஏற்றிவிட்டால் போச்சு, கட்டளை கேள்வியாகிவிடும். அப்புறம் இன்னொரு வித்தை. விருந்தாளியிடம் “ஏதாவது சங்கடம் இருக்கா?” என்று கேட்கவே கூடாது. “சங்கடம் ஒண்ணும் இல்லையே சார்?” என்று கேட்க வேண்டும். அவர் தலையை எப்படி ஆட்டினாலும் சங்கடம் இல்லை என்றே ஆகும்.

இதை அன்று சாப்பிடும்போது கித்தேரியிடம் பெருமையாகச் சொன்னேன்.

“அப்படியாங்க?” என்றாள்.

அந்த ‘அப்படியாங்க’வின் டோனை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். தோசையைக் கவனித்தேன்.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி எடுத்தேன். சிமெண்டுச் சுவர், நல்ல எதிரொலி. “முடியாது.” கொஞ்சம் மெலிவு. “முடியாது!” பரவாயில்லை. “மு…டி…யா…து!”

வெளியே காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல். பக்கத்து வீட்டு முருகவேல். பழனிக்கு மலைவாழைப்பழம் லோடு அனுப்புகிறவர்.

“என்ன பவுலு, ரொம்ப நேரமா உள்ள சத்தம் கேக்குது? முடியலையா?”

“முடியாது!” நான் பயிற்சியை விடவில்லை.

“அப்படி முக்காதப்பா, ஆகாது. மலவாழப்பழம் ரெண்டு குடுத்து விடுறேன். தின்னுட்டுப் படு. வெள்ளனே எல்லாம் சரியாயிரும்.”

குரல் அடிவயிற்றிலிருந்துதான் வருகிறது என்று எனக்கு உறுதியாயிற்று.

மறுநாள் சாயங்காலமே சமயம் வாய்த்தது. கித்தேரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க, ஆண்டனி போன் பண்ணுனான். புள்ளைகளுக்கு லீவு விட்டாச்சாம். வரட்டுமான்னு கேக்குறான்.”

நான் எழுந்து நின்றேன். மூச்சை இழுத்தேன். கனமாக, இழுக்காமல், கடைசியில் இறக்கி, “முடியாது” என்றேன்.

கரண்டி அப்படியே நின்றது. கித்தேரி எங்கள் கோயில் பாடகர் குழுவை நடத்துகிறவள். பின்வரிசையில் ஒருத்தி அரைச் சுருதி இறங்கினாலும் கண்டுபிடித்துவிடும் காது. தலையைச் சாய்த்து என் குரலைக் காதில் வாங்கினாள்.

“இன்னொருக்கா சொல்லுங்க.”

“முடியாது.”

“மாதாவே! தொண்டை இப்படிக் கட்டிப் போயிக் கெடக்கு, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“தொண்டை இல்ல கித்தேரி, இதுதான் என்னோட…”

“பேசாதீங்க! பேசுனா இன்னும் புண்ணாயிரும். எங்க குழுவுல யாருக்குத் தொண்டை கட்டுனாலும் நான் வாயத் தொறக்க விட மாட்டேன். ஞாயித்துக்கிழம வரைக்கும் ஒரு பேச்சு கிடையாது. வேணும்னா ‘ம்’ சொல்லுங்க. வேணாம்னா ‘ம்ஹும்’ சொல்லுங்க. அவ்வளவுதான் உங்க சோலி.”

கழுத்தில் மப்ளர் ஏறியது. தலையில் குரங்குக் குல்லா இறங்கியது. மிளகுக் கஷாயம் ஒரு சொம்பு வந்தது. லாட்ஜுக்கும் அவளே போன் போட்டு லீவு சொல்லிவிட்டாள்.

எனக்குத் தொண்டையில் ஒன்றுமே இல்லை என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால், “பெறகு ஏன் அப்படிப் பேசுனீங்க?” என்று கேட்பாள். ‘உன்னை அடக்குவதற்காக’ என்பதுதான் பதில். பதில் கைவசம் இருந்தது. தைரியம்தான் கைவசம் இல்லை. கஷாயத்தைக் குடித்தேன்.

மறுநாள் அவள் போனோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஸ்பீக்கரைப் போட்டாள்.

“மாமா! அக்கா சொல்லுச்சு, தொண்டை சரியில்லையாமே? நீங்க பேச வேணாம், நான் கேக்குறேன். வழக்கம்போல அந்தக் கீசர் ரூமையே எடுத்துக்கிடவா?”

என் மொத்த உயிரையும் மூக்குக்குக் கொண்டுவந்தேன். “ம்ஹும்!”

குல்லாவும் மப்ளரும் நடுவில் இருந்த ‘ஹு’வைத் தின்றுவிட்டன.

“என்னக்கா சொல்றாரு?”

“ரெண்டு ‘ம்’ போட்டுட்டாருடா! ஒரு ‘ம்’ போட்டாலே சம்மதம். இது ரெட்டிப்புச் சந்தோசம்.”

“அய்யோ, மாமா மனசே மனசு! அப்ப, நாங்க வர்றதுல உங்களுக்குச் சங்கடம் ஒண்ணும் இல்லையே மாமா?”

அது என் கேள்வி. ரிசப்ஷனில் நான் கேட்கிற கேள்வி. ‘ம்’ என்றால் சங்கடம் இல்லை. ‘ம்ஹும்’ என்றாலும் சங்கடம் இல்லை. எந்தப் பக்கம் காலை வைத்தாலும் பள்ளம். என் கீசர், என் கட்டில், என் வெந்நீர் எல்லாம் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இனி என்ன தொண்டை, என்ன டோன்! மப்ளரை இழுத்துப் போட்டுவிட்டு வாயைத் திறந்து கத்தினேன்.

“முடியாது!”

கத்தத்தான் நினைத்தேன். ஒரு நாள் முழுக்கப் பேசாத தொண்டை, அதற்கு மேல் அழுகை. அடிவயிற்றிலிருந்து கிளம்பிய குரல் வழியிலேயே கீச்சென்று மெலிந்து, கடைசியில் போய் உச்சிக்கு ஏறிவிட்டது.

“‘முடியாதா’ன்னு கேக்குறாருடா ஆண்டனி!” கித்தேரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பேசக் கூடாதுன்னு சொல்லியும் கேக்காம, இன்னும் வெரசா வர முடியாதான்னு கேக்குறாரு பாரு!”

“வர்றோம் மாமா! வெள்ளிக்கிழமன்னு இருந்தோம். நீங்க இப்படிக் கேட்ட பெறகு இருக்க முடியுமா? நாளைக்கே வர்றோம்!”

வந்தார்கள். அவர்கள் வந்த ஐந்தாவது நிமிஷம் கீசர் உறுமத் தொடங்கியது. நல்ல குரல் அதற்கு. அடிவயிற்றிலிருந்து வந்தது.

நான் ஹாலில் பாயை உதறிப் போட்டேன். கித்தேரி கம்பளியோடு வந்தாள். கஷாயம் கொண்டுவரவில்லை.

“கஷாயம் இல்லையா?” என் சொந்தக் குரலில் கேட்டேன்.

“எதுக்குங்க? உங்க தொண்டைக்குத்தான் ஒண்ணும் இல்லையே.”

“எப்ப தெரிஞ்சது உனக்கு?”

“மொத ‘முடியாது’லயே தெரியும். எத்தன பேரைப் பாட வெச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா? நீங்க பேசுனது பேஸ் குரல் இல்லீங்க, பயம்.”

“அப்ப, அந்தக் கேள்வி? ஆண்டனி கேட்டானே…”

“நீங்கதானே அன்னைக்குச் சொல்லிக் குடுத்தீங்க. நான் அவனுக்குச் சொல்லிக் குடுத்தேன்.”

கம்பளியை என்மேல் போர்த்தினாள். ஓரத்தைக்கூடச் செருகிவிட்டாள். அதில் அன்பு இல்லை என்று சொல்ல மாட்டேன், இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஃபிரிட்ஜ் ஒருமுறை குலுங்கி ஓடத் தொடங்கியது.

“ஃபிரிட்ஜ் பக்கத்துல படுக்குறதுல உங்களுக்குச் சங்கடம் ஒண்ணும் இல்லையேங்க?” என்றாள்.

நன்றாக யோசித்துப் பார்த்து, குரலைக் கடைசியில் சரியாக இறக்கி, “ம்ஹும்” என்றேன்.