மரண அறிவிப்புக்குக் கீழே வந்த நண்டு

குனோங் ராபாட், ஈப்போ
விரதத்தின் முப்பத்து மூன்றாம் நாள்

'கிந்தா தூதன்' இணைய நாளிதழின் ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமாக இல்லை. காரணம் தங்கள் பத்திரிகையாக இருக்கலாம். என் தவறாகவும் இருக்கலாம். மூன்று முறை எழுதிக் கிழித்தபின் இதை அனுப்புகிறேன். மின்னஞ்சலை யார் எட்டிப் பார்ப்பார்களோ என்று தபாலில்.

தைப்பூசத்துக்காக நானும் மனைவி நவமணியும் நாற்பத்தெட்டு நாள் விரதம் இருக்கிறோம். இருபத்தாறு ஆண்டுகளாகக் கல்லுமலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கிறேன். ஓர் ஆண்டும் தவறியதில்லை. காலையில் தங்கள் பத்திரிகையின் மரண அறிவிப்புகளை மடிக்கணினியில் திறந்து அவளுக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம். நேற்று, என்னோடு வேலை பார்த்த சின்னையாவின் அறிவிப்பை, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, 'அன்னாரின் நல்லுடல்' என்பது வரை வாசித்து, பக்கத்தைக் கொஞ்சம் நகர்த்தினால், சின்னையாவின் படத்துக்குக் கீழே மிளகில் பிரட்டிய நண்டு ஒன்று இரண்டு கொடுக்கையும் தூக்கிக்கொண்டு 'இன்றே சுவைப்பீர்' என்கிறது!

"என்னங்க இது, செத்தவரு படத்துக்குக் கீழ?" என்றாள் நவமணி. காப்பி குடிக்க வந்திருந்த அவள் தம்பி தனேஸ்வரன் சும்மா இருந்தாரா? "நாம எதத் தேடுறோமோ அதத்தான் காட்டும் மச்சான். மாட்டிக்கிட்டீங்க லா!"

பதற்றத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன். முந்தின நாள், தங்கள் பத்திரிகை ஒரு தாவலில் ('டேப்') திறந்திருக்க, பக்கத்துத் தாவலில் ஆட்டிறைச்சிப் பிரட்டல் சமையல் காணொளியை நான்கு நிமிடம் பார்த்தேன். "பாத்தேன், சாப்பிடலியே" என்றேன். "மனசு சாப்பிட்டிருச்சே" என்றவள், "இந்த வருஷம் நீங்க பால்குடம் எடுக்க வேணாம்" என்று என் மஞ்சள் வேட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

ஐயா, தைப்பிங்கில் அரசாங்க அலுவலகமொன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கோப்புகளைக் காத்தவன் நான். ஒரு கோப்பைப் பார்க்க வந்தவரைப் பக்கத்துக் கோப்பை எட்டிப் பார்க்க விட்டதில்லை. தங்கள் பக்கம் மட்டும் என் அடுத்த தாவலை எட்டிப் பார்க்கலாமா? ஜெலாப்பாங்கில் கணினி பழுதுபார்க்கும் பிலாலிடமே கேட்டேன். "அது எட்டிப் பாக்காது அண்ணே. ரெண்டு பக்கத்திலயும் ஒரே விளம்பரக்காரன் உக்காந்திருப்பான். இந்தக் கம்ப்யூட்டர் எங்கெங்க போச்சுன்னு குறிச்சு வச்சுக்குவான். யாரு தட்டுறாங்கன்னு அவனுக்குத் தெரியாது லா" என்றார். அப்படியானால் அந்த விளம்பரக்காரனுக்குத் தங்கள் இடத்தில் நாற்காலி போட்டது யார்? அதுவும் சாவு வீட்டில்?

பார்ப்பது வேறு, உண்பது வேறு என்று தங்கள் முத்திரையோடு நவமணிக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டுகிறேன். தைப்பூசத்துக்குப் பதினைந்தே நாள்.

தங்கள் பணி சிறக்க முருகனை வேண்டுகிறேன். இவ்வீட்டில் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுபவன் இப்போது அவன் ஒருவன்தான்.

பணிவுடன்,
ச. கார்த்திகேசு

பி.கு.: உறையில் போடுமுன் மறுபடி வாசித்தேன். நான் பார்த்தது ஆடு, வந்தது நண்டு. இந்த மடிக்கணினியைத் தட்டுவது இரண்டே பேர். நவமணியிடம் மெல்லக் கேட்டேன். கீரையை ஆய்ந்து முடித்தாள். பிறகு, "பாத்தா என்னவாம், சாப்பிட்டேனா?" என்றாள். வேட்டி வெளியே வந்துவிட்டது. புகாரைத் திரும்பப் பெறுகிறேன். தைப்பூசம் முடியும்வரை அந்த நண்டு அங்கேயே இருக்கட்டும்.