சட்டைப் பையில் ராணி

பெட்டியைக் காலி பண்ணியே தீருவது என்று கடிகாரக்காரர் முடிவு கட்டிவிட்டார். கொல்லையில் இருந்த தேனீப் பெட்டியைத்தான்.

மகளிர் குழு மனைவிக்குக் கொடுத்த பெட்டி அது. அதன் தேன் விற்றுத்தான் ஒழுகுகிற கூரைக்குத் தகரம் வந்தது. அதெல்லாம் அவருக்கும் தெரியும். ஆனால் தகரம் வந்த வீட்டில் பேச்சு போய்விட்டதே! எல்லார் கையிலும் செல்போன் வந்தபிறகு கடிகார ரிப்பேருக்கு நாதியில்லை. மகளும் கட்டிக்கொடுத்த இடத்துக்குப் போய்விட்டாள். மிச்சம் மனைவி ஒருத்திதான். முன்பெல்லாம் சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து ஊர் வம்பு அத்தனையும் அளப்பாள். இப்போது பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வம்பு முழுக்கத் தேனீக்களிடம் அளந்தாள். மனுஷனுக்குத் தாங்கவில்லை. சுவரில் ஏழு கடிகாரம் ஓடினால் பேச்சுத் துணை ஆகிவிடுமா?

"ராணி எங்க போகுதோ, எல்லாம் அது பின்னாடியே போயிடும்" என்று அவள் எப்போதோ சொன்னதை மனசில் முடிந்து வைத்திருந்தார்.

அவள் குழுக் கூட்டத்துக்குப் போன மத்தியானம் காரியத்தில் இறங்கினார். கண்ணில் கடிகார லென்ஸ். புகை போட்டு, ஒவ்வொரு அடையாகத் தூக்கிப் பார்த்து, நீள வயிற்று ராணியைப் பிடித்துத் தீப்பெட்டிக்குள் போட்டார். கடிகார முள் மாட்டிப் பழகிய கையாச்சே! ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிடலாம் என்று தீப்பெட்டியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு செருப்பைத் தேடினார்.

செருப்பு கிடைப்பதற்குள் தேனீக்களுக்கு அவர் கிடைத்துவிட்டார்.

மனைவி வந்தபோது முக்காலியில் சிலையாக உட்கார்ந்திருந்தார். கழுத்து முதல் இடுப்பு வரை தேனீ.

"ஐயையோ, என்னங்க இது?"

"சும்மாதான்... அதுவா வந்து உட்கார்ந்துச்சு."

"பையில என்ன?"

"தீப்பெட்டி."

"பீடியை விட்டுப் பத்து வருஷம் ஆச்சு. தீப்பெட்டி எதுக்கு?"

அவர் பையை மறைக்கக் கையைத் தூக்கினார்.

"ஆடாதீங்க. எல்லாம் வந்து அடங்கட்டும்."

அடங்குவதற்குப் பொழுது சாய்ந்துவிட்டது. அதுவரை அவள் பக்கத்தை விட்டு நகரவில்லை. அவர் பயந்து எழுந்துவிடக் கூடாதே என்று, மகள் போனில் சொன்னது, எதிர்வீட்டுச் சண்டை, கூட்டத்தில் தலைவி கொட்டாவி விட்டது என்று ஒன்று விடாமல் சொன்னாள். இரண்டு இடத்தில் கொட்டியது. அவருக்கு உறைக்கவே இல்லை. ஒரு வருஷத்தில் இப்படி ஒரு சாயங்காலம் அவருக்கு வாய்த்ததில்லை.

இருட்டும் நேரத்தில் ராணியைக் குழு கொடுத்திருந்த இன்னொரு காலிப் பெட்டியில் விட்டு, கூட்டத்தை உள்ளே தள்ளினாள்.

"குழுவில அடுத்தவளுக்குத் தேனீயில பாதியைப் பிரிச்சுக் கொடுக்கணும். ராணியைத் தொடப் பயந்து ஒரு மாசமா தள்ளிப் போட்டேன். நீங்க ஒரே மத்தியானத்துல முடிச்சிட்டீங்க! பறக்காம பழைய பெட்டியிலேயே தங்கிட்டதெல்லாம் புது ராணியை வளர்த்துக்கும். இன்னும் ரெண்டு பேர் காத்திருக்காங்க, தெரியுமா?"

தெரிந்துகொண்டார். பழைய சுவர்க்கடிகாரப் பலகைகளை அறுத்து அவரே ஒரு பெட்டி செய்தார். புது ராணி வந்து பழைய பெட்டி மறுபடி நிறைந்த அன்று, அதே சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு, காலித் தீப்பெட்டியோடு முக்காலியில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் இன்னொரு முக்காலியும் போட்டுவைத்தார்.

"நான் ரெடி. நீ வந்து உட்காரு."

அவள் முந்தானையிலிருந்து சின்னக் கம்பிக்கூண்டு ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

"ராணியை அடைச்சு வைக்கக் குழுவில கொடுத்திருக்காங்க. பிடிக்கவும் கத்துக்கிட்டேன். பாவம், நீங்க எதுக்குக் கொட்டு வாங்கணும்? உள்ள போய் நிம்மதியா உட்காருங்க."