கரையான் தின்ற பக்கமும் என் மழைக்கோட்டும்

எனக்கு ரசாயனம் பாதிதான் தெரியும். இன்று இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அன்றே சொல்லியிருந்தால், பெண் பார்க்கப் போன வீட்டில் நாற்காலியோடு எழுந்து நின்றிருக்க மாட்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். கடல் கடந்த நாட்டில், கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சின்னக் கிராணி. (கிராணி என்றால் குமாஸ்தாதான். நடை மட்டும் துரையின் நடை.) சீமைக்குத் திரும்பிய ஒரு துரை விட்டுச்சென்ற ரசாயனப் புத்தகம் என் கைக்கு வந்தது. அதன் பின்பாதியைக் கரையான் தின்றிருந்தது. மிச்சத்தை நான் தின்றேன். பொருளுக்குத் திடம், திரவம், வாயு என்று மூன்று நிலை உண்டு என்பதை யாரைக் கண்டாலும் சொன்னேன். காய்ச்சலுக்கு லீவு கேட்டு வந்தவர்களும் கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

மரத்துப் பால் திரவம். உறைந்தால் திடம். அப்படியானால் ஒரு கோட்டின் மேல் பாலைப் பூசிக் காயவைத்தால் மழைக்கோட்டு! மூன்று பூச்சு பூசி, மழையில் நின்று பார்த்தேன். ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. (கந்தகம் சேர்த்துச் சூடாக்காத ரப்பர் வெயிலில் இளகிப் பிசினாகிவிடும் என்ற பக்கம் கரையான் வயிற்றில் இருந்தது.)

அந்தச் சமயத்தில்தான் பட்டணத்துப் பிரிக்பீல்ட்ஸில் பெண் பார்க்க ஏற்பாடாயிற்று. பெண்ணின் அப்பா ரயில்வேயில் பெரிய கிளார்க். பெண் கமலம். அவளைக் கோயில் திருவிழாவில் ஒரே ஒரு தடவை தூரத்திலிருந்து பார்த்துவிட்டு ஒரு மாதம் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தவன் நான். இந்தச் சம்பந்தம் தவறினால் மறு மாதமும் சாப்பாடு இறங்காது. அவர்களை அசத்தியே தீர வேண்டும் என்று கோட்டை மாட்டிக்கொண்டேன்.

"வெயில் கொளுத்துது. இது எதுக்கு தம்பி?" என்றார் துணைக்கு வந்த மாணிக்கம் அண்ணன்.

"மழை வந்துட்டா?"

"வராது லா."

வரவில்லை. ரயிலில் ஜன்னலோரம், வெயில் பக்கமாகவே உட்கார்ந்தேன். போய்ச் சேர்ந்தபோது கோட்டு பளபளவென்று மின்னியது. அதை அழகு என்று நினைத்துக்கொண்டேன்.

"கோட்டைக் கழட்டி வைங்க தம்பி, புழுக்கமா இருக்குமே" என்றார் பெண்ணின் அப்பா.

"பரவாயில்லைங்க." (சட்டையும் கோட்டும் அதற்குள் ஒன்றாகிவிட்டிருந்தன.)

அவருடைய தேக்கு நாற்காலியில் உட்கார்ந்து மூன்று நிலைகளையும் விளக்கினேன்.

"அப்ப ரப்பர் எந்த நிலை?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"திடம்தான்! அதிலென்ன சந்தேகம்?"

கமலம் காப்பித் தட்டோடு வந்தாள். நான் மரியாதைக்கு எழுந்தேன். நாற்காலியும் எழுந்தது.

பெண்ணின் அப்பா பதறி என் கையைப் பிடித்து இழுத்தார். அவருடைய உள்ளங்கை என் கோட்டுக் கையில் ஒட்டிக்கொண்டது. அதை விடுவிக்க மற்றக் கையை வைத்தார். அதுவும் போயிற்று. இழுக்க இழுக்க இடியாப்பம் போல நூல் நூலாக வந்தது.

"தண்ணி ஊத்துங்க, கரைஞ்சிடும்" என்றேன். ஊற்றினார்கள். மழைக்கோட்டு அல்லவா, தண்ணீர் வழிந்து ஓடிவிட்டது.

அவருக்குக் கோபம் தலைக்கேறியது. "போதும்யா உங்க படிப்பு! இனிமே உங்களுக்கும் எங்களுக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல!"

எனக்கு அழுகை வந்தது. உண்மையாகவே வந்தது. ஒரு கை அவரிடம், மறு கை நாற்காலியிடம்; கண்ணைத் துடைக்கத்தான் கை இல்லை.

அப்போது கமலம் மெதுவாகச் சொன்னாள்: "ஒட்டு இருக்கேப்பா. உறவுதான் இன்னும் இல்ல."

மாணிக்கம் அண்ணன் முதலில் சிரித்தார். இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருந்த அப்பா எவ்வளவோ அடக்கிப் பார்த்துவிட்டு அவரும் சிரித்துவிட்டார். கமலம் உள்ளே போய்த் தேங்காயெண்ணெய்ப் போத்தலோடு வந்தாள்.

"பலாப்பழம் உரிக்கிறப்ப கையில தடவுவோம்ல? இதுவும் பால்தானே?"

கரையான் தின்ற பாதியை அவள் சமையலறையிலேயே படித்திருந்தாள். அன்று நான் அவளுடைய அப்பாவின் சட்டையில் ஊர் திரும்பினேன். மூன்றாம் மாதம் கல்யாணம்.

அந்த நாற்காலியையும் சீதனத்தோடு அனுப்பிவிட்டார்கள். முதுகுப் பக்கம் ஒரு கோட்டுத் துண்டு இன்னும் இருக்கிறது. எப்போதாவது கோபத்தில் நான், "உனக்கும் எனக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல" என்று கத்துவதுண்டு. கமலம் அசையமாட்டாள்.

"எண்ணெய்ப் போத்தல் எடுத்துட்டு வரவா?" என்பாள்.