லரோண்டோ விட்ட பந்து

ஹயலீயா,
மார்ச் 9

முன்னாள் ஜெய் அலாய் ஆட்டக்காரர்களின் மாதச் சுற்றிதழை நடத்தும் மதிப்பிற்குரிய திரு. ஷாபியர் அராம்புரு அவர்களுக்கு,

செனைதா கெசாடா பணிவுடன் எழுதுவது. தாங்களும் தங்கள் பழைய தோழர்களும் தோள்வலி, முட்டிவலி இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்காதவள், தையல் ஆலையில் பித்தான் வைத்தவள். பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் எவாரிஸ்தோ ஜனவரியில் காலமானார். அவரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், கேட்டிருப்பீர்கள். நீங்கள் கையில் பிரம்புக்கூடையை மாட்டிச் சுவரில் பந்தடிக்க, கம்பிவலைக்கு இந்தப் பக்கம், மூன்றாவது வரிசையில் நின்றுகொண்டு பத்தொன்பது வருஷம் லரோண்டோவைத் திட்டியவர் அவர்தான். மற்றவர்களை ஒரு சொல் சொன்னதில்லை. "ஏய் லரோண்டோ, அந்தக் கூடையில பந்து நிக்காதுடா, கடைக்குப் போய் முட்டை வாங்கிட்டு வா" என்பார். அவன் நன்றாக ஆடினால் "இப்பவாவது முழிச்சியே" என்பார். வீட்டுக்கு வந்தாலும் அதே பேச்சுதான். "எனக்கு முட்டி போச்சு செனைதா, அவன் இன்னும் சுவத்துல ஏறி பந்து பிடிக்கறான், வயசே ஆகாதா அவனுக்கு" என்று அதிசயப்படுவார். லரோண்டோவின் ஊர் மீன்தான் காரணம் என்று அவரே முடிவு கட்டி, ஒரு வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் உப்புக் கருவாடு.

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் பாதிரியார் வந்து, மனசில் ஏதாவது பாரம் இருக்கிறதா என்று கேட்டார். இவர் சொன்னது இதுதான்: "ஒரு சனிக்கிழமை மதிய ஆட்டம், சாமி. கடைசிப் புள்ளி. பின்சுவத்துல பட்டு, மெத்தை மாதிரி வந்துச்சு பந்து. அத ஏன் விட்டான்?" பாதிரியார் தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கேட்டுச் சொல்லு" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு தடவை கல்லறைக்குப் போனேன், கையில் பதில் இல்லாமல் என்ன பேசுவது என்று தெரியாமல் பூவை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அதனால்தான் போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆட்டக்காரர்களின் வருஷ விருந்துக்கு, அழைப்பில்லாமலே, கறுப்பு உடுப்போடு போய் நின்றேன். உங்களுக்குக் காய்ச்சல், வரவில்லை என்று சொன்னார்கள். எல்லோருக்கும் வலது தோள் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது, அதை வைத்தே இடம் சரிதான் என்று தெரிந்துகொண்டேன். நெஞ்சில் லரோண்டோ என்று சீட்டு குத்தியிருந்தவரிடம் போய், மூன்றாவது வரிசையில் நின்று கத்துவாரே, அவர் மனைவி என்றேன். எங்கள் கணக்குப்படி எண்பது வயசு இருக்க வேண்டும். அந்த ஆளுக்கு ஐம்பத்தைந்துகூட ஆகியிருக்காது. எனக்கே கருவாட்டின் மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

"நான் பெயோ. இங்க வந்ததே தொண்ணூறுலதான்மா," என்றார். "லரோண்டோங்கறது எங்க பெரியப்பா ஆட்டத்துக்குச் சட்டையில போட்டுக்கிட்ட பேரு. அவர் நிறுத்தினதும் அண்ணன் கோர்கா போட்டுக்கிட்டாரு. அவருக்கு அப்புறம் நான்."

"அப்போ மூணு பேரா?"

"நாங்க மூணு பேரு. உங்க வீட்டுக்காரர்தான் ஒருத்தரு. பேரைக் குடுக்கும்போதே அவரையும் சேர்த்துத்தான் குடுத்துட்டுப் போனாங்க. மூணாவது வரிசை கத்தினா பயப்படாதேன்னு."

பந்தைப் பற்றிக் கேட்டேன். தன் காலத்தில் நடக்கவில்லை என்றார். பெரியப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், கோர்கா சொந்த ஊர் மார்க்கினாவில் ஆடு வளர்க்கிறார், தொலைபேசியை எடுக்கவே மாட்டார் என்றார். அதற்குள் பக்கத்து மேஜைக் கிழவர் ஒருவர், "அது நான் எறிஞ்ச பந்து. யாராலயும் பிடிச்சிருக்க முடியாது" என்று எழுந்தார். எதிரே இமனோல் என்பவர், "நீயா? நீ அன்னிக்கு பெஞ்சுல ஆரஞ்சு உரிச்சிட்டிருந்தே. எறிஞ்சது நான்" என்றார். முதல் கிழவர் ரொட்டிக் கூடையைக் கையில் மாட்டி, ஒரு ரொட்டியைச் சுவரில் அடித்தே காட்டிவிட்டார். அது திரும்பிவந்து பரிசாரகர் ஏந்தி வந்த தட்டில் விழுந்து பாயசம் முழுக்க என் கறுப்பு உடுப்பில். இமனோல் அமைதியாக, "பாத்தியா, சுலபமா வர்ற பந்துதான்" என்றார்.

ஆகையால் ஐயா, இந்தக் கேள்வியைத் தங்கள் இதழின் முதல் பக்கத்தில் போட வேண்டும். மார்க்கினாவுக்கும் இதழ் போகிறதாம். கோர்கா படிக்கட்டும். பிடிக்க முடியாமல் விட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா, எதுவானாலும் ஒரு வரி போதும்.

உங்கள் காய்ச்சல் இறங்க வேண்டும், பேரப்பிள்ளைகள் நல்ல தோளோடு வளர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

செனைதா கெசாடா

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது தொலைபேசி அடித்தது. கோர்கா. பெயோ எப்படியோ பிடித்துச் சொல்லிவிட்டாராம். "அந்தப் பந்தை விட்டது நான்தான்மா," என்றார். "கூடை சரியா இருந்துச்சு, காலும் சரியா இருந்துச்சு. உங்க வீட்டுக்காரர் சத்தத்தைக் காணோம். ஆளுக்கு என்னவோ ஆயிடுச்சுன்னு திரும்பிப் பார்த்தேன். நல்லாத்தான் இருந்தாரு. பச்சைக் கவுன் போட்ட ஒரு பொண்ணுகிட்ட காதோட காதா ஏதோ பேசிட்டிருந்தாரு. அந்த நேரத்துல பந்து போயிடுச்சு."

பச்சைக் கவுன் நான்தான். ஆட்டத்துக்கு ஒரே ஒரு நாள் போனேன். இது எப்போது முடியும் என்று கேட்டேன், அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் போன சனிக்கிழமையும் பந்து விட்ட சனிக்கிழமையும் ஒன்றுதான் என்று இத்தனை வருஷத்தில் அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

கேள்வியைப் போட வேண்டாம் ஐயா. நாளைக்கே கல்லறைக்குப் போய்ச் சொல்லிவிடுகிறேன். கேட்டால் இனி என்னைத்தான் திட்டுவார். திட்டட்டும். வீடு இரண்டு மாதமாகச் சத்தமே இல்லாமல் கிடக்கிறது.