ராசா குரலுக்கு வராத கன்னிமார்

நான் வாழ்நாளில் ஒரே ஒரு நாடகம்தான் எழுதினேன். எழுதி, இயக்கி, அதில் அரசனாகவும் நடித்து, ஒரு பள்ளிக்கூடத்தின் தமிழ்ப் பிரிவையே மூடப் பார்த்தேன். தலைகுனிந்து சொல்லவேண்டிய விஷயம்தான். ஆனால் என்னவோ, சொல்லும்போதெல்லாம் எனக்கு மார்பு நிமிர்ந்துவிடுகிறது.

சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். எல்லைப் பிரிவினையில் எங்கள் ஊர் ஆந்திராவோடு சேர்வது என்று முடிவாகியிருந்தது. நாற்பது பிள்ளைகள் இருந்தால் தமிழ்ப் பிரிவு நடக்கலாம், ஒரு தலை குறைந்தாலும் எல்லோருக்கும் தெலுங்குதான் என்று சொல்லிவிட்டார்கள். எங்களிடம் சரியாக நாற்பது பேர். எண்ணிப் பார்க்கச் சித்தூரிலிருந்து ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால் வேலை முடிந்தது. ஆனால் இருபத்திரண்டு வயது வாத்தியாருக்கு அது போதுமா? தமிழின் பெருமையைக் காட்டவேண்டாமா? (அதாவது, என் பெருமையை.)

நாடகத்தின் கதை இது. ஏரிக்கரையில் ஏழு கன்னிமார் மனிதர் கண்ணில் படாமல் வாழ்கிறார்கள். ஆடு மேய்க்கும் ஒரு பெண் மட்டும் அவர்களுக்குத் தோழி. அவள் பொங்கலோடு வந்து கூப்பிட்டால்தான் வெளியே வருவார்கள். அவர்களைப் பிடித்துப்போக வரும் அரசன் கொஞ்சுவான், கெஞ்சுவான், மிரட்டுவான். ஒன்றும் பலிக்காது. தோழியாக ஐந்தாம் வகுப்பு மங்கா. அரசன் நான். (மீசை எனக்குத்தான் இருந்தது.)

மூன்று வாரம் ஒத்திகை. "ராசா தலைகீழா நின்னாலும் வெளிய வரக்கூடாது" என்று ஏழு பெண்களுக்கும் உருவேற்றினேன். எங்கே ஒளிவது என்பதை எனக்கே சொல்லவேண்டாம் என்றும் உத்தரவு. அப்போதுதான் நான் தேடுவது தத்ரூபமாக இருக்குமாம். என்ன ஞானம்!

மதியம் வரவேண்டிய அதிகாரி காலையிலேயே ஜீப்பில் வந்து இறங்கினார். ஜீப் சத்தம் கேட்டதுமே கன்னிமார் மறைந்துவிட்டார்கள். நான் அட்டைக் கிரீடத்தோடு ஓடினேன்.

"டிராமா எல்லாம் வத்து, வேணாம். எனக்கு காளஹஸ்தி போணும்" என்றவர், பள்ளிக்கூடத்தை ஒட்டிக் குவித்திருந்த கடலைக்கொடிப் போரில் சாய்ந்துகொண்டு எண்ணினார். "ஏமய்யா, ரிஜிஸ்டர்ல நாப்பது. இங்க முப்பத்துமூணு. மிகதா ஏழு பேர் எக்கட?"

"மறைஞ்சிருக்காங்க சார். அவங்க கன்னிமாருங்க."

அவர் என் கிரீடத்தைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார். பொய்ப் பெயர் எழுதிய வாத்தியார்கள் பலரைப் பார்த்திருப்பார். பொய்ப் பெயர்களைத் தெய்வமாக்கியவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது.

"பாப்பாங்களா, வெளிய வாங்க!" என்று கத்தினேன். சத்தமில்லை. "நாடகம் இல்லம்மா, நிஜமாத்தான் கூப்பிடுறேன்!" அப்போதுதான் நெஞ்சில் இடி விழுந்தது. இரண்டாம் காட்சியில் அரசன் சொல்லும் வசனமே அதுதான். கிணற்றடியில் தேடினேன், கூரைமேல் தேடினேன், கெஞ்சினேன், பிரம்பைக் காட்டினேன். நான் எழுதிய அரசன் செய்தது ஒன்றுவிடாமல் செய்தேன். அழுகையே வந்துவிட்டது.

"மங்கா, நீ கூப்பிடும்மா!"

மங்கா கையைக் கட்டிக்கொண்டாள். "பொங்கலு இன்னும் வேவல சார். வெறுங்கையோட கன்னிமாருங்கள கூப்ட்டா ஆவாது. எங்கம்மா கொன்னுடும்."

அதிகாரி எழுதப்போன பேனாவை நிறுத்தினார். அவர் ஊரிலும் கன்னிமார் உண்டோ என்னவோ, ஜீப்பிலிருந்த பையைத் திறந்து ஒரு திருப்பதி லட்டை எடுத்து மங்காவின் கையில் வைத்தார். "இது சாலுமா?"

"போதும் சார்" என்றவள், லட்டை இரண்டு கையிலும் ஏந்தி, "தோழிங்களா!" என்று குரல் கொடுத்தாள்.

அதிகாரி சாய்ந்திருந்த போர் அசைந்தது. அவர் அலறிக்கொண்டு நகர்ந்தார். தலையெல்லாம் கொடியும் தூசியுமாக ஏழு பேரும் வெளியே வந்து, வரிசையில் நின்று, தும்மிக்கொண்டே, "தோழி அழைத்தாள், நாங்கள் வந்தோம்!" என்றார்கள். ஒரு எழுத்து பிசகவில்லை. கடைசியாக நின்றவள் மட்டும் என்னைக் காட்டி மங்காவின் காதில், "ராசா இன்னும் போவலியா?" என்று கேட்டாள்.

அதிகாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாற்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "வாத்யாரே, நா ஆபீஸ்ல நா மாட்ட, என் பேச்ச, எவரும் இப்படிக் கேக்கமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். எனக்கு மானம் போயிருந்தது. ஆனால் அந்த ஏழு பிள்ளைகளையும் மங்காவையும் பார்க்கப் பார்க்க அப்படியொரு பெருமை. என் பிரம்புக்கும் அழுகைக்கும் மசியாமல், தோழி கூப்பிட்டால்தான் வருவோம் என்ற வாக்கைக் காப்பாற்றியவர்கள் அவர்கள்.

என் மகள் கல்யாணம் திருப்பதியில் நடந்தது. தடாவிலிருந்தும் புத்தூரிலிருந்தும் அந்த ஏழு பேரும் பேரப்பிள்ளைகளோடு வந்து ஓர் அறையில் அரட்டையில் உட்கார்ந்துவிட்டார்கள். போட்டோ எடுக்கக் கதவைத் தட்டி, "வாங்கம்மா, நேரமாவுது" என்றேன்.

உள்ளேயிருந்து ஒரே குரலில் பதில் வந்தது: "ராசா கூப்ட்டா வரமாட்டோம்!"

லட்டுத் தட்டோடு மங்கா போன பிறகுதான் வந்தார்கள். வந்தவர்கள் மணமக்களை மறைத்துக்கொண்டு முன்வரிசையில் நின்றதில், அந்தப் போட்டோவில் மாப்பிள்ளையின் தலைப்பாகை மட்டும்தான் தெரிகிறது. என் மகள் இன்றைக்கும் திட்டுகிறாள். நான் அதைத்தான் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன்.